எதிர்த்தரப்பை யார் சொல்வது?

பௌத்தக் காப்பிய நாயகி குண்டலகேசியின் கதையில் ஒரு வழக்கம் வருகிறது. அவள் ஊர் ஊராகப் போவாள். ஊர்வாயிலில் மணலைக் குவித்து அதில் ஒரு நாவல் கிளையை நட்டு வைப்பாள். தன்னோடு வாதம் செய்ய விரும்புகிறவர் அந்தக் கிளையை மிதித்துத் தள்ளினால் போதும், அழைப்பை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். ஒரு வாரம் ஆகியும் யாரும் தொடவில்லை என்றால் கிளையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவாள். கிளையை மிதிக்க வருபவர் யார், எந்த ஊர், எந்தச் சமயம் என்று அவளுக்கு முன்கூட்டித் தெரியாது. முன்பின் தெரியாதவரோடு வாதிடுவது கைப்பேசி கொண்டுவந்த வியாதி என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இந்த மண்ணில் மிகப் பழைய பழக்கம். மணிமேகலையின் முதல் காதையில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், வாதத்தில் வல்லவர்கள் பட்டிமண்டபம் ஏறலாம் என்று சொல்கிறான்; பகைவரிடம்கூடச் சினமும் கலகமும் வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்கிறான்.

அரசியல், பண்பாடு, தொலைக்காட்சி நிகழ்ச்சி என எதைப் பற்றியும் இணையத்தில் தெரியாதவரிடம் வாய்கொடுக்காதே, நேரம்தான் வீண் என்பது இப்போது வீட்டுக்கு வீடு சொல்லப்படும் அறிவுரை. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனாலும் அது தவறான அறிவுரை என்று நினைக்கிறேன். தெரிந்தவர்களோடு மட்டும் பேசுகிறவர் தன் சாதி, தன் தெரு, தன் கட்சி, தன் அலுவலகம் தாண்டி எதையும் கேட்க வாய்ப்பில்லை. நாம் பிறந்து வளர்ந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவரோடு பேசக் கிடைத்த மிகப் பெரிய திடலை, அங்கே கூச்சல் அதிகம் என்பதற்காக விட்டுவிட்டு வருவது சரியல்ல. வாதம் கெட்டுப்போனதற்கு முகமூடிப் பெயர்கள், கெட்ட வார்த்தை, அல்காரிதம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். எல்லாமே ஓரளவு உண்மை. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் வேறொன்று இருக்கிறது. எதிராளி சொல்வதை, அவரே “ஆமாம், நான் சொன்னது அதுதான்” என்று ஒப்புக்கொள்ளும் விதத்தில் முதலில் எடுத்துச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு மறுப்பது என்ற கடமை நம் கையைவிட்டுப் போய்விட்டது.

அது தமிழுக்குப் புதிய கடமை அல்ல. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளைக் கொண்டது. தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது பரபக்கம், அதாவது பிறர் பக்கம். உலகாயதர் தொடங்கி, பௌத்தர், சமணர், மாயாவாதி, பாஞ்சராத்திரி என்று 14 தரப்புகளை அவர் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொன்றுக்கும் முதலில் அவர்கள் சொல்வது என்ன என்ற பகுதி. அதன் பிறகுதான் மறுதலை. நீலகேசி என்ற சமணக் காப்பியம் பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை மறுக்கவே எழுந்தது. அதில் குண்டலகேசி வாதச் சருக்கம் என்றே ஒரு சருக்கம் உண்டு. இன்று குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்கள்தான் எஞ்சியிருக்கின்றன. அவள் என்ன வாதாடினாள் என்பதை அறிய அவளை மறுத்தவரின் நூலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. கடவுளும் மறுபிறப்பும் இல்லை என்ற உலகாயதருக்குத் தமிழில் தனி நூல் எதுவும் தங்கவில்லை. அவர்கள் சொன்னதை நமக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மணிமேகலை, நீலகேசி, சித்தியார் ஆகியவற்றை எழுதிய அவர்களுடைய எதிராளிகள். தன்னால் ஏற்கவே முடியாத ஒரு கருத்தைச் சிதைக்காமல் எழுதிவைக்கிற நேர்மை அந்த மரபில் ஒரு தொழில்நுட்பமாகவே இருந்தது.

அந்தக் காலத்தவர் எல்லாரும் மென்மையானவர்கள் என்று சொல்ல வரவில்லை. சிவஞான முனிவர் இன்னொருவரின் இலக்கண நூலை மறுத்து எழுதியதற்கு வைத்த பெயர் ‘இலக்கண விளக்கச் சூறாவளி’. வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று 1860களில் மூண்ட சண்டை கண்டன நூல்களாகப் பெருகி, நீதிமன்ற வாசல் வரை போனது. அந்தக் கண்டனங்களில் வசை ஏராளம். ஆனால் கண்டனம் எழுதுகிறவர் எதிராளியின் வாக்கியத்தை எடுத்து முன்னால் வைத்துவிட்டுத்தான் அதன்மேல் பாய வேண்டும். வாசகர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. 1943இல் கம்பராமாயணத்தை எரிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அண்ணா சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் ஒரே மேடையில் வாதிட்டார். எரிப்பதா என்பதைவிடச் சூடான கேள்வி ஒன்று பண்பாட்டு விஷயத்தில் இருக்க முடியாது. ஆனாலும் அங்கே ஒரு தலைவர் இருந்தார், இரு தரப்புக்கும் முறை இருந்தது, பேச்சுக்கு ஒரு முடிவு இருந்தது. ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் அந்த வாதம் நூலாகவும் வந்தது. ஆகவே நாம் இழந்தது நாகரிகம் என்பதைவிட, ஒரு வடிவம் என்பதே பொருத்தம்.

அந்த வடிவம் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதற்கு ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல் வரும் ஒரு சண்டையைப் பார்க்கலாம். தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாளா, சித்திரை முதல் நாளா? 2008இல் கருணாநிதி அரசு தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் இயற்றியது. 2011இல் ஜெயலலிதா அரசு அதை நீக்கிச் சித்திரைக்கே திரும்பியது. அன்றிலிருந்து ஜனவரி 14, ஏப்ரல் 14 ஆகிய இரு நாள்களிலும் காலையில் ஒரு வாழ்த்துப் பதிவு வரும். அதன்கீழ் “இது தமிழ்ப் புத்தாண்டே இல்லை” என்று முதல் பதில் விழும். நண்பகலுக்குள் இருநூறு பதில்கள் சேர்ந்துவிடும். அவற்றை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஒரு தரப்பின் வலுவான வாதம் என்ன என்று மறுதரப்பில் ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

தை தரப்பிடம் வலுவான வாதங்கள் இருக்கின்றன. சித்திரையில் தொடங்கும் அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர்களான பிரபவ, விபவ முதல் அட்சய வரை எல்லாமே வடமொழிப் பெயர்கள். சுழற்சி திரும்பத் திரும்ப வருவதால், பெயரை மட்டும் வைத்து ஒரு நிகழ்ச்சி எந்த நூற்றாண்டில் நடந்தது என்று சொல்லவும் முடியாது. தொடர்ச்சியான ஆண்டுக்கணக்கு வேண்டும் என்பதற்காகத்தான் கி.மு. 31ஐத் தொடக்கமாகக் கொண்ட திருவள்ளுவர் ஆண்டு வந்தது. தை மாதத்தின் சிறப்பும் தை நீராடலும் சங்க நூல்களில் பல இடங்களில் வருகின்றன. சித்திரை தரப்பிடமும் வலுவான வாதம் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், கணவனைப் பிரிந்த அரசி படுத்திருக்கும் கட்டிலுக்கு மேல் கட்டிய விதானத்தில் ஞாயிறும் திங்களும் வான்வழியும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. அந்த வான்வழியில் முதலாவதாகச் சொல்லப்படுவது ஆடு, அதாவது மேட ராசி. ஞாயிறு மேடத்தில் நுழைவதுதான் சித்திரைப் பிறப்பு. இலங்கைத் தமிழரும் சிங்களரும் அதே நாளில் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். கேரளத்தின் விஷுவும் அதையொட்டியே வருகிறது. இது ஒரு சட்டத்தால் வந்த வழக்கம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்த இரண்டையும் ஒருவர் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வாதம் அடுத்த படிக்குப் போகும். தை நீராடல் சங்கப் பாடல்களில் இருப்பது தை மாதத்தின் பெருமைக்குச் சான்று. அன்றுதான் ஆண்டு தொடங்கியது என்பதற்கு அதுவே சான்றாகிவிடாது. ராசிகளில் மேடம் முதலில் நிற்பது வானியல் வரிசைக்குச் சான்று. அன்று மக்கள் புத்தாண்டு கொண்டாடினார்கள் என்பதற்கு அதுவும் சான்றாகாது. இன்னும் ஒரு படி மேலே போனால், இரு தரப்பும் பெருமையாகச் சொல்லும் வானியலில் ஒரே ஓட்டைதான் இருக்கிறது என்பது தெரியும். தை முதல் நாளில் ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புகிறது என்கிறார்கள். உண்மையில் அந்தத் திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22இல் நிகழ்ந்துவிடுகிறது. சித்திரை முதல் நாளில் பகலும் இரவும் சமம் என்கிறார்கள். அது மார்ச் 20 அல்லது 21லேயே முடிந்துவிடுகிறது. புவி அச்சின் மெதுவான சுழற்சியால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நகர்ந்து, சுமார் 1,700 ஆண்டுகளில் இரண்டுமே 24 நாள் விலகியிருக்கின்றன. வானத்தைக் காட்டி எந்தத் தரப்பும் மறுதரப்பை வெல்ல முடியாது. மிஞ்சுவது ஒரு கேள்விதான்: ஒரு சமூகம் தன் ஆண்டின் முதல் நாளை மரபை வைத்து முடிவுசெய்வதா, தன்மதிப்பை வைத்து முடிவுசெய்வதா? அது பேச வேண்டிய கேள்வி. ஆனால் இருநூறு பதில்கள் விழுந்த பிறகும் அந்தக் கேள்வி வாசலுக்குக்கூட வந்திருக்காது.

ஏனென்றால் மூன்றாவது, நான்காவது பதிலிலேயே முத்திரை விழுந்துவிடும். சித்திரை என்றவர் சங்கி. தை என்றவர் இருநூறு ரூபாய் உடன்பிறப்பு. வேறொரு கட்சிக்காரர் தும்பி, இன்னொருவர் தற்குறி. முத்திரைக்கு அடுத்து “எவ்வளவு வாங்கினே?” என்ற கேள்வி. அதற்கும் அடுத்து “அன்னைக்கு நடந்தப்போ எங்கே போயிருந்தீங்க?” இடையில் புகுந்து இரு பக்கமும் பார்க்கச் சொல்கிறவருக்கு “முட்டுக் கொடுக்காதே” என்ற பதில். இந்தச் சொற்களை வெறும் வசை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எதிராளி சொன்னதற்குப் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து பேசுகிறவரை விடுவிப்பதுதான் அந்த வேலை. காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்று ஆகிவிட்டால் அவர் சொன்ன நெடுநல்வாடைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அன்று பரபக்கம் இருந்த இடத்தில் இன்று முத்திரை உட்கார்ந்திருக்கிறது. நூறு ஆண்டு கழித்து ஒருவர், சித்திரை தரப்பு என்ன சொன்னது என்பதைத் தை தரப்பின் பதிவுகளிலிருந்து தெரிந்துகொள்ள முயன்றால், சங்கி என்ற ஒரு சொல்தான் அவருக்குக் கிடைக்கும். எதிர்ப்பக்கம் தேடினால் இருநூறு ரூபாய் கிடைக்கும்.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றிய சண்டைகளை மட்டமாகப் பார்ப்பவர்கள் உண்டு. பிக் பாஸ் பார்த்துவிட்டு அடித்துக்கொள்கிறார்கள், வேறு வேலை இல்லையா என்பார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. 2017இல் அந்த நிகழ்ச்சி தமிழில் தொடங்கியதிலிருந்து அதன் ரசிகர்கள் செய்யும் வாதங்களைக் கவனித்தால், அரசியல் வாதங்களில் இல்லாத ஒரு ஒழுங்கு சில இடங்களில் தென்படுகிறது. ஒருவர் பொய் சொன்னார் என்று குற்றம்சாட்டினால், எந்த நாள், எந்த எபிசோடு, எத்தனையாவது நிமிடம் என்று கேட்கிறார்கள்; கேட்டதற்குக் காட்சியை வெட்டி எடுத்துப் போடுகிறார்கள்; முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று இன்னொருவர் நீளமான காட்சியைப் போடுகிறார். ஒரு நாள் முழுக்கப் படம் பிடித்ததை ஒரு மணி நேரமாகச் சுருக்கியவர்கள் எதை விட்டிருப்பார்கள் என்றுகூட விவாதிக்கிறார்கள். எல்லாரும் பார்த்தது ஒரே காட்சி என்பதால் இது முடிகிறது. அரசியலில் அப்படி ஒரு பொதுச்சான்று கையில் இல்லை. தலைவர் படத்துக்குப் பக்கத்தில் அவர் சொல்லாத வாக்கியத்தை அச்சிட்ட படம் ஒன்று வரும். அதையே சான்றாக வைத்து மாலை வரை சண்டை நடக்கும். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பகிர்ந்த ஏறத்தாழ 1,26,000 செய்திகளை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அதைப் பரப்பியதில் பெரும்பங்கு இயந்திரக் கணக்குகளுக்கு இல்லை, மனிதர்களுக்கே.

ஆனால் தொலைக்காட்சி ஒரு கெடுதலையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. செய்தி விவாதங்களில் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும்படி விடுகிறார்கள். அதில் முப்பது விநாடியை வெட்டி யூடியூபில் ஏற்றுகிறார்கள். தலைப்பு எப்போதும் ஒரே அச்சில்தான் இருக்கும்: கதறவிட்டார், வச்சு செஞ்சார், வாயடைத்துப்போனார். அந்த முப்பது விநாடியில் ஒருவரின் பதில் மட்டும் இருக்கும். எந்த வாதத்துக்கான பதில் அது என்பது இருக்காது. மறுத்தது மட்டும் தெரியும், மறுக்கப்பட்டது தெரியாது. அதைப் பார்த்துப் பழகியவர் தானும் அப்படியே எழுதுகிறார். எதிராளியின் பேச்சில் ஒரு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே ஒரு சிரிப்புப் படம் வைத்து, தன் ஆட்களுக்குக் காட்டுகிறார். எதிராளியிடம் பேசுவது நின்று, எதிராளியைப் பற்றிப் பேசுவது தொடங்கிவிடுகிறது.

அதற்குப் பலன் கிடைக்கிறது என்பதுதான் துயரம். அமெரிக்க அரசியல்வாதிகளும் ஊடகங்களும் போட்ட சுமார் 27 லட்சம் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, எதிர்த்தரப்பைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு பதிவு பகிரப்படும் வாய்ப்பை 67 சதவீதம் கூட்டியது என்கிறது. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒழுக்கமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லும் பகிர்வை ஏறத்தாழ 20 சதவீதம் கூட்டியது. ஃபேஸ்புக் நிறுவனமே 2017 முதல், கோபக்குறி உள்ளிட்ட முகக்குறிகளை ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்போடு கணக்கிட்டது என்பது 2021இல் வெளிவந்த அதன் உள் ஆவணங்களிலிருந்து தெரிந்தது. கோபக்குறியின் மதிப்பைப் பிறகு பூஜ்யமாக்கினார்கள். எதிராளியை நேர்மையாக எடுத்துச் சொல்லும் வாக்கியத்துக்கு இந்தக் கணக்கில் மதிப்பெண்ணே இல்லை.

அப்படியானால் குற்றம் அல்காரிதத்தின்மேல்தானே, பயன்படுத்துகிறவரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நிறுவனங்களுக்குப் பொறுப்பு உண்டு, அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அல்காரிதத்தை நிறுத்தி, பதிவுகளை நேர வரிசையில் மட்டும் காட்டிப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்தும் அரசியல் பகைமை குறையவில்லை என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மூன்று மாதம் குறுகிய காலம் என்பது நியாயமான மறுப்பு. ஆனாலும் கருவியைக் கழற்றினால் போதும், பழக்கம் தானாகப் போய்விடும் என்பதற்கு அது ஆதரவு தரவில்லை. முகமூடியைக் கழற்றினால் சரியாகிவிடும் என்பதும் இதே கதைதான். தென் கொரியா 2007இல், பெரிய தளங்களில் எழுதுகிறவர்கள் தம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 2011இல் ஒரு பெரிய தளத்திலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. ஜெர்மனியின் ஒரு மனுத் தளத்தில் இடப்பட்ட 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை ஜூரிக் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, கடுமையாக ஏசியவர்களில் சொந்தப் பெயரில் எழுதியவர்களே முன்னால் நின்றார்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் முகமூடி யாருக்கும் இல்லை. மாமாவுக்கும் மருமகனுக்கும் நடக்கும் சண்டை அங்கே குறைந்தா போயிருக்கிறது?

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எத்தனை நேர்மையாகப் பேசினாலும் மனிதர் மனம் மாறுவதில்லை என்பது அது. அதற்குச் சான்றும் இருக்கிறது. ட்யூக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பெய்லும் அவருடைய குழுவினரும், ட்விட்டர் பயன்படுத்தும் அமெரிக்கர்களுக்கு எதிர்க்கட்சிக்காரர்களின் பதிவுகளை ஒரு மாதம் தொடர்ந்து காட்டினார்கள். அவர்கள் நடுவே நகர்ந்து வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு, குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்பைவிட இறுகிப்போனார்கள். இந்த முடிவை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதில் நடந்தது எதிர்த்தரப்பின் குரலைக் கேட்பது மட்டும். யாரும் யாருடைய கருத்தையும் எடுத்துச் சொல்லிப் பார்க்கவில்லை, யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. அதற்கு நேரெதிராக, மியாமி நகரில் வீடு வீடாகப் போன தன்னார்வலர்கள், திருநர்களைப் பற்றி வாக்காளர்களிடம் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். முதலில் அவர் கருத்தைக் கேட்டு, குறை சொல்லாமல், அவர் தன் வாழ்க்கையில் ஒதுக்கப்பட்ட அனுபவத்தை நினைத்துப் பார்க்கச் செய்தார்கள். 501 வாக்காளர்களிடம் நடந்த அந்தச் சோதனையில், வெறுப்பு குறைந்தது மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்தது என்று 2016இல் சயின்ஸ் இதழில் வெளியானது. கதவைத் தட்டியவரும் திறந்தவரும் ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்கள்.

இணையத்திலேயே நடந்த ஒரு முயற்சியும் இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பதினேழு வயது இளைஞர் ஒருவர் 2013இல் ரெட்டிட் தளத்தில் ஒரு பகுதி தொடங்கினார். அங்கே ஒருவர் தன் கருத்தைக் காரணங்களோடு எழுதி, முடிந்தால் மாற்றிக் காட்டுங்கள் என்று அழைக்க வேண்டும். கிட்டத்தட்ட அதே நாவல் கிளைதான். மனம் மாறினால், மாற்றியவருக்கு டெல்டா என்ற குறியைக் கொடுத்து, எது மாற்றியது என்று சொல்ல வேண்டும். 2016இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த வாதங்களை அலசினார்கள். அழைத்தவர் பயன்படுத்தாத புதிய சொற்களோடு வந்த பதில்களும், அடித்துச் சொல்லாமல் “இருக்கலாம்” என்று தணிந்து பேசிய பதில்களும் கூடுதலாக வென்றன. இரண்டு, மூன்று சுற்று பேசுவது உதவியது. ஐந்து சுற்றைத் தாண்டியபின் மனம் மாறிய ஆள் ஏறத்தாழ இல்லை. குண்டலகேசியின் ஒரு வாரக் கெடுவும் வீண் கெடு அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நம் சண்டைகளில் பாதி, எப்போதோ முடிந்திருக்க வேண்டியதை மறுநாள் காலை மறுபடி தொடங்கியதால் வந்தவை.

எல்லாக் கருத்தையும் மரியாதையாக எடுத்துச் சொல்ல வேண்டுமா? ஒரு பெண் தன் கருத்தை எழுதியதும் அவளுடைய உடலைப் பற்றிப் பத்துப் பேர் எழுதுகிறார்கள். ஒரு தலித் இளைஞர் எழுதியதும் அவர் சாதியைத் தோண்டுகிறார்கள். அவர்களிடம் போய், எதிராளியின் வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல் என்பது அடிபட்டவரிடம் அடித்தவருக்காகப் பேசச் சொல்வதாகும். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை, அப்படிச் சொல்லவும் கூடாது. பரபக்கம் ஒரு கூற்றுக்கு உரியது. வசையில் கூற்று எதுவும் இல்லை, ஆகவே எடுத்துச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ப்ளாக் செய்வது அங்கே கோழைத்தனம் அல்ல. மிரட்டலாக இருந்தால் காவல் நிலையம் போவதும் சரியே. அதற்காக, புண்படுத்தும் பேச்சு எல்லாவற்றையும் சட்டத்தால் அடக்கலாம் என்று நினைத்தால் அது வேறு பள்ளம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 2012இல் மகாராஷ்டிரத்தில் ஒரு முழு அடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய பெண்ணையும் அதற்கு லைக் போட்ட பெண்ணையும் சிறைவாசலில் நிறுத்தியது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

எதிரில் இருப்பது கட்சியின் ஐ.டி. விங் நடத்தும் கூலிக் கணக்காக இருந்தால் நேர்மையாகப் பேசி என்ன பயன் என்பார்கள். பயன் அந்தக் கணக்குக்கு இல்லை. அமெரிக்க ட்விட்டரில் 10 சதவீதம் பேர் 80 சதவீதப் பதிவுகளை எழுதுகிறார்கள் என்று பியூ ஆய்வு மையம் 2019இல் சொன்னது. எழுதுகிறவர் கொஞ்சம், படிப்பவர் அதிகம் என்ற நிலை நம் பக்கமும் கண்கூடு. பட்டிமன்றத்தில் பேச்சாளர் எதிரணியைப் பார்த்துக் கைநீட்டினாலும் பேசுவது எதிரே உட்கார்ந்திருக்கும் சபைக்குத்தான். கமென்ட் போடாமல், லைக் போடாமல், பேருந்தில் நின்றபடி இருநூறு பதில்களையும் விரலால் தள்ளிக்கொண்டு போகிற ஒருவர் இருக்கிறார். அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. இரு தரப்பும் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் உள்ளே வந்தார். எதிர்த்தரப்பைச் சரியாகச் சொல்லிவிட்டு மறுக்கிறவரை அவர் நம்புவார். முத்திரை குத்துகிறவரிடம் பதில் இல்லை என்பதை அவர் சீக்கிரம் கண்டுகொள்வார்.

வரும் ஏப்ரல் 14 காலையில் அந்த வாழ்த்துப் பதிவு மறுபடி வரும். தை தரப்பைச் சேர்ந்த ஒருவர் அதன்கீழ் இப்படித் தொடங்கலாம்: “நெடுநல்வாடையின் ஓவியத்தில் ஆடு முதலில் நிற்கிறது என்பதை ஏற்கிறேன். யாழ்ப்பாணத்திலும் இதே நாளைத்தான் கொண்டாடுகிறார்கள் என்பதும் தெரியும். உங்கள் வாதத்தின் பலம் இதுதான் என்று புரிந்துகொண்டிருக்கிறேன், விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள். எனக்கு இடிப்பது அறுபது பெயர்களில் ஒன்றுகூடத் தமிழ் இல்லை என்பது. அதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?” சித்திரை தரப்பிலிருந்து வரும் நேர்மையான பதில், அந்தப் பெயர்களை விட்டுவிட்டு நாளை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்பதாக இருக்கக்கூடும். அப்படி ஒரு சமாதானம் 2008லும் 2011லும் சட்டமன்றத்தில் இரு கட்சிகளுக்கும் தோன்றவில்லை.